ஆனி ஆடிக் காற்றுக்கு நட்ட மூங்கில்: வளர்த்தும் வெட்டியும் கண்டது

மூங்கில் நட்டிருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் கேட்பது, "தோட்டம் முழுக்கப் பரவிவிடாதா?" அடுத்தது பாம்பு. வயதில் மூத்தவர்களாக இருந்தால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: "பாடை கட்டுவதை வீட்டருகிலா வளர்ப்பாய்?" மூன்றாவதற்குப் பதில் எளிது. பல வீடுகளில் கல்யாணப் பந்தற்காலும் மூங்கில்தான். பாம்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பரவும் மூங்கில் என்பது வேறு சாதி. சீனா, ஜப்பான் போன்ற குளிர்ப்பாங்கான இடங்களில் வளரும் அவற்றின் கிழங்கு மண்ணுக்கடியில் கயிறுபோல நீண்டு ஓடி, பக்கத்து வீட்டில் முளைக்கும். நம் வெப்பநிலத்து மூங்கில்கள் அநேகமாகத் தூராகவே நிற்கும். கிழங்கு குட்டையாக வளைந்து, தாய்க் கழியை ஒட்டியே அடுத்த கழியை மேலே அனுப்பும். தூரின் சுற்றளவு ஆண்டுக்கு ஆண்டு கூடும், அவ்வளவுதான். நான் பொள்ளாச்சிப் பக்கம், தோட்டத்தின் மேற்கு வேலியோரம் நட்டிருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்று வாழையைச் சாய்த்துப்போடும். அதைத் தடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. சவுக்கு வைக்கலாம் என்றார்கள். சவுக்கை வெட்டினால் மறுபடி நட வேண்டும். மூங்கில் வெட்ட வெட்ட வரும்.

வரும், ஆனால் வெட்ட வேண்டும். பல ஆண்டுகள் வைத்துப் பார்த்த பிறகு மூங்கிலைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வது இது ஒன்றுதான். நட்டுவிட்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார நினைப்பவருக்கு வேம்போ புங்கனோ போதும்.

மூன்று இனங்கள் வைத்தேன். கல் மூங்கில்தான் இந்த மண்ணுக்கும் கோடைக்கும் பொருத்தம். வறண்ட இடத்தில் வளர்ந்தால் உள்ளே ஏறக்குறைய கெட்டியாகவே இருக்கும். கோடையில் இலையை உதிர்த்து மொட்டையாக நின்று, மழை பட்டதும் துளிர்த்துவிடும். பல்கூவா பருமனான கழி தரும், முள் தொல்லையும் இல்லை. ஆனால் சொட்டுநீர் இல்லாமல் அதனிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. வாசலருகே பச்சைக் கோடு ஓடிய மஞ்சள் மூங்கில். பார்க்க அழகு, படம் எடுக்க வருகிறார்கள். வேலைக்கு என்று எடுத்தால் முதலில் உளுத்துப்போவது அதுதான். முள் மூங்கிலை நான் தொடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பழைய தூர் ஒன்று இருக்கிறது. அடிப்பக்கத்து முள்கிளைகள் பின்னிக்கொண்டு, உள்ளே அரிவாள்கூட நுழையாது.

ஊக்கமூட்டும் பேச்சாளர்கள் சொல்லும் ஒரு கதை வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது: மூங்கில் ஐந்து ஆண்டுகள் மண்ணுக்குள்ளேயே இருக்குமாம், பிறகு ஆறே வாரத்தில் தொண்ணூறு அடி வளருமாம். நட்டவன் எவனும் அந்தக் கதையைச் சொல்ல மாட்டான். முதல் மழைக்காலத்திலேயே முளை வரும், பென்சில் பருமனில். அடுத்த ஆண்டு வருவது விரல் பருமன், அதற்கடுத்து இன்னும் தடிமன். ஒரு கழி மண்ணைவிட்டு எந்தப் பருமனில் வருகிறதோ, கடைசிவரை அதே பருமன்தான். தென்னையைப்போலவே அதற்கும் பருக்கத் தெரியாது. சில மாதத்தில் முழு உயரத்தை எட்டி நின்றுவிடும். பிறகு நடப்பதெல்லாம் முற்றுவதுதான்.

தென்மேற்கு மழை இறங்கியதும் தூரின் விளிம்பில் மண் வெடித்து, கூம்பாகக் குருத்து தலைநீட்டும். அதைச் சுற்றியுள்ள உறையில் மயிர்போன்ற கருஞ்சுணை அப்பியிருக்கும். வெறுங்கையால் தொட்டால் அன்றைய பொழுது அரிப்பிலேயே கழியும். உறைகள் காய்ந்து கீழே விழும்போதும் சுணை போகாது. கூட்டுபவருக்கு முழுக்கைச் சட்டை வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் இந்தக் குருத்தை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பார்கள். பச்சையாகத் தின்றால் சயனைடு நஞ்சு. ஆட்டைக் கட்டும்போது அந்தக் கவனம் வேண்டும். முற்றிய இலையை ஆடு தாராளமாகத் தின்னலாம்.

வெட்டுவதற்கு வயது பார்க்கத் தெரிய வேண்டும். அந்த ஆண்டுக் கழியில் உறை ஒட்டியிருக்கும், வெண்பொடி பூசினதுபோலக் கைபட்ட தடம் விழும். இரண்டாம் ஆண்டில் பொடி போய்ப் பச்சை பளபளக்கும். மூன்றாம் ஆண்டு தாண்டினால் பளபளப்பு மங்கி, சாம்பல் நிறத்தில் பாசித் திட்டுகள் படரும். அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், புதியது விளிம்பிலும் முற்றியது நடுவிலும் இருக்கும். கைக்கு எட்டுவது என்று விளிம்பில் வெட்டினால் அடுத்த ஆண்டு முளைக்க ஆளில்லை. எனவே ஒரு பக்கம் வாசல்போலத் திறந்துகொண்டு, லாட வடிவில் உள்ளே போய் நடுவை எடுக்கிறோம். தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே கைரம்பத்தால் அறுப்பதே நல்லது. இரண்டு கணுக்களுக்கு நடுவே வெட்டிக் குழாயாக விட்டால் மழைநீர் தேங்கி, கொசுவுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்ததாகிவிடும். மழைக்காலத்தில் வெட்டுவதில்லை, தையும் மாசியுமே காலம். தேய்பிறையில் வெட்டச் சொல்கிறார்கள். வேலைக்கு வருபவர் கேட்பதால் நானும் அப்படியே செய்கிறேன். ஆனால் உளுக்காமல் காப்பது, என் கணக்கில், நிலவல்ல, தண்ணீர்.

கழியில் மாவுச்சத்து இருக்கும்வரை துளைக்கும் வண்டு வரும். கட்டிலுக்கடியிலும் பரணிலும் மஞ்சள் பொடி கொட்டிக்கிடந்தால் அதன் வேலைதான். இரண்டு மூன்று வாரம் குட்டையில் மூழ்கவைத்தால் மாவு கரைந்துவிடும். நாற்றம் தாங்காது, வீட்டுக்குத் தள்ளி ஊறவையுங்கள். கூரைக்கோ ஏணிக்கோ என்றால் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது இன்னும் நம்பகம். எதைச் செய்தாலும் மண்ணில் நட்ட கழி ஓரிரு ஆண்டில் கரையானுக்குத்தான். புடலைப் பந்தலுக்குக் காலைக் கல்லாகவும் மேற்சட்டத்தை மூங்கிலாகவும் வைத்திருக்கிறேன். மற்றபடி வாழைக்கு முட்டு, முருங்கைக்காய் பறிக்கத் துரட்டி, கோழிக்குத் தட்டி எல்லாம் வேலியிலிருந்தே வருகின்றன. வெட்டி எடுத்துப்போவது பற்றிய சட்டமும் மாறியிருக்கிறது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரமாகக் கருதியது. காட்டுக்கு வெளியே வளர்வதை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதிலிருந்து விடுவித்துவிட்டது.

குறைகளும் சொல்ல வேண்டும். சருகு ஓயாமல் விழும். கிணற்றில், மாடிக் குழாயில், பக்கத்து வீட்டு முற்றத்தில். மூடாக்குக்கு அருமையானதுதான், ஆனால் அதைத் தூருக்கடியில் குவியவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அடிவாரத்தைக் கூட்டி வைத்திருந்தால் அந்தப் பேச்சே இல்லை. மூங்கிலின் கீழே காய்கறி தேறாது. மதில் சுவருக்குப் பத்தடியாவது தள்ளி நடுங்கள். பெருத்த தூரை அகற்ற மண்வெட்டி போதாது, பொக்லைன்தான். காட்டை ஒட்டிய தோட்டமாக இருந்தால் யானைக்கு விருந்து வைத்ததாகும்.

நாற்று வாங்கும்போது விதையில் வந்ததா, பதியனா, எந்தத் தூரிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். கல் மூங்கிலும் முள் மூங்கிலும் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, மூங்கில் அரிசியைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். பூக்கும் வயதை நெருங்கிய தூரிலிருந்து எடுத்த பதியன் என்றால், தாய் பூக்கும்போது அதுவும் பூத்துவிடும். நர்சரிக்காரருக்கே தெரியாவிட்டால், விதைநாற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.