மாதாமாதம் வந்த பணமும் கரைந்த யூனிட் மதிப்பும்: ஒரு பாண்ட் வருமான ஃபண்டின் பழைய கணக்கு

அமெரிக்கக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்து மாதந்தோறும் வருமானம் வழங்கும் ஒரு மியூச்சுவல் ஃபண்டில் 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணம் போட்டேன். இன்றும் அதை விற்கவில்லை. விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்த பத்தாண்டு வருவாய் அட்டவணைதான் என்னை இழுத்தது. அதில் பொய் ஏதும் இல்லை, நான் அதைப் படித்த விதம்தான் தவறு.

அமெரிக்கப் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி 1981 இல் 15 சதவீதத்தைத் தாண்டி நின்றது. 2020 ஆகஸ்டில் சுமார் அரை சதவீதத்துக்கு இறங்கியது. வட்டி இறங்கினால் முன்பே கூடுதல் வட்டிக்கு வெளியான பத்திரங்களின் விலை ஏறும் என்பதால், இடையில் சில மோசமான ஆண்டுகள் வந்தாலும், இவ்வகை ஃபண்டுகள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வட்டியோடு விலையேற்றத்தையும் சேர்த்தே அனுபவித்தன. நான் பார்த்த அட்டவணை அந்த நீண்ட இறக்கத்தின் கடைசிப் பகுதி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தத் தொடங்கி, ஏறத்தாழ பூஜ்யத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. ஃபண்டின் டியூரேஷன் சுமார் 6 ஆண்டு என்று ஃபேக்ட்ஷீட் எனும் விவரத் தாளின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது. சந்தை வட்டி 1 சதவீதம் ஏறினால் யூனிட் மதிப்பு ஏறக்குறைய 6 சதவீதம் குறையும் என்பதே அதன் பொருள். 2022 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரச் சந்தையின் பரந்த குறியீடு சுமார் 13 சதவீதம் சரிந்தது. அக்குறியீட்டுக்கு அதுவரை மிக மோசமான ஆண்டாயிருந்த 1994 இல்கூட இழப்பு 3 சதவீதத்தை எட்டவில்லை.

இவ்வளவு நடந்தும் மாதப் பணம் தவறாமல் கணக்கில் வந்துகொண்டிருந்ததால், இழப்பு என் கண்ணில் படவே இல்லை. 2022 இறுதியில் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பென்சிலால் கூட்டிப் பார்த்தேன்: 100 க்கு வாங்கிய யூனிட் 83 ஆகியிருந்தது, மூன்றாண்டில் கைக்கு வந்த தொகை 9, ஆக மொத்தம் 92. இவ்விரு எண்களையும் நிறுவனம் வெவ்வேறு பக்கங்களில் அச்சிடுவதுதான் எனக்குள்ள பெரிய குறை.

ஃபண்ட் மேனேஜரைக் குறை சொல்ல முடியாது; சந்தை விழுந்த அளவுக்கே ஃபண்டும் விழுந்தது. ஆனால் பத்திரங்கள் 4 சதவீதம் ஈட்டும்போது முக்கால் சதவீதத்தைச் செலவாகப் பிடித்துக்கொண்டால், ஈட்டியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. இதற்கு என்னிடம் நல்ல மதிப்பெண் கிடையாது.

புதிதாக வாங்க நினைப்பவர்கள், வழங்கிய தொகையையும் விலை மாற்றத்தையும் சேர்த்த மொத்த வருவாயை 2022 உட்பட ஆண்டுவாரியாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் டியூரேஷன் அளவுக்காவது, அதாவது ஆறேழு ஆண்டுகளுக்குத் தேவைப்படாது என்றால் மட்டுமே போடலாம். அடுத்த ஆண்டுச் செலவுக்கான பணத்தை இதில் வைக்க வேண்டாம்.