இரண்டு போன், ஒரே இன்பாக்ஸ்: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தியவன் புலம்பல்

போன் பழுதுபார்க்கப் போயிருந்த நேரத்தில்தான் இந்தச் செயலியின் அருமை முழுதாகத் தெரிந்தது. அதன் மேல் எனக்கிருந்த எரிச்சல் உச்சத்துக்குப் போனதும் அதே நேரத்தில்தான். வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், இன்ஸ்டாகிராம் என்று எல்லா இடத்துச் செய்திகளையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்து காட்டும் வகைச் செயலி இது. பெயர் வேண்டாம். இதே வகையில் வேறு ஒன்றிரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், நான் சொல்லப்போகும் வியாதி எல்லாவற்றிலும் கொஞ்சமாவது இருக்கிறது.

சொந்த எண் ஐபோனில், வேலை எண் ஆண்ட்ராய்டில். எந்தப் போன் கையில் இருக்கிறதோ அதிலிருந்தே இரண்டு எண்ணுக்கும் பதில் போகிறது. யாரோ என்றைக்கோ அனுப்பிய முகவரி வாட்ஸ்அப்பில் வந்ததா, இன்ஸ்டாவில் வந்ததா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பெயரை அடித்தால் வந்து நிற்கும். பதில் சொல்லி முடித்த உரையாடலை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் பட்டியலை விட்டுப் போய்விடும். மாலையில் பட்டியல் காலியாக இருப்பதைப் பார்ப்பது தனிச் சுகம். இதற்குப் பழகியவர்கள் பழையபடி ஐந்து செயலியைத் திறந்து திறந்து மூட மாட்டார்கள்.

சின்னக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அழைப்புகள் இதில் வராது. டெலிகிராமின் ரகசிய உரையாடல்களும் வராது, அவை தொடங்கிய சாதனத்தை விட்டு நகராதவை. இரண்டு வாட்ஸ்அப் கணக்கு இருந்தால் இரண்டுக்கும் படத்தின் ஓரத்தில் அதே பச்சை வட்டம்தான், எந்த எண்ணிலிருந்து பதில் போகிறது என்று பெயரை அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். இதெல்லாம் பழகிவிடும்.

அப்புறம் ஆண்ட்ராய்டின் டிஸ்ப்ளே போனது. சர்வீஸுக்குக் கொடுத்தேன், உதிரிபாகம் வரவில்லை என்று இழுத்தார்கள். அணைந்து கிடக்கிற போனின் எண்ணுக்கு வரும் செய்திகள் ஐபோனில் ஜோராக வந்துகொண்டிருந்தன. முன்பு இது நடக்காது. அந்தக் கால வாட்ஸ்அப் வெப் போனுக்குப் பிடித்த கண்ணாடி மாதிரி, போன் அணைந்தால் அதிலும் ஒன்றும் தெரியாது. 2021-ல் பல சாதன வசதி வர ஆரம்பித்த பிறகு, இணைக்கும் ஒவ்வொரு சாதனமும் செய்தியைப் பூட்டித் திறக்கத் தனக்கென்று சாவி வைத்துக்கொண்டு நேரடியாக சர்வரோடு பேசுகிறது. போனைத் தவிர நான்கு சாதனங்களை இணைக்கலாம். என் செயலி அந்த நான்கில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த நாட்களில் பார்த்தவர்களிடமெல்லாம் இதைப் புகழ்ந்து தள்ளினேன்.

எண் பதிவாகியிருக்கும் முதன்மை போனை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் இணைந்த சாதனங்கள் எல்லாம் தானாக லாக்அவுட் ஆகிவிடும். வாட்ஸ்அப் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் விதி இது, அதில் எனக்குப் புகார் இல்லை. இணைப்பு அறுந்ததை என் செயலி வாயைத் திறந்து சொல்லவில்லை என்பதுதான் புகார். பட்டியல் அப்படியே இருந்தது. பழைய உரையாடல்கள் திறந்தன. டெலிகிராமும் சிக்னலும் வழக்கம்போல் மணி அடித்தன. வேலை எண்ணில் மட்டும் அமைதி. வாடிக்கையாளர் ஒருவர் என் சொந்த எண்ணைத் தேடிப் பிடித்து, “என்ன சார், அனுப்பினதுக்கு பதிலே காணோம்?” என்று கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது.

செட்டிங்ஸுக்குள் போய், கணக்குகள் என்ற பக்கத்தைத் திறந்து, கீழே உருட்டினால், வேலை எண்ணுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ‘மீண்டும் இணைக்கவும்’ என்று இருந்தது. அவ்வளவுதான் அறிவிப்பு. சந்தாவை உயர்த்திக்கொள்ளச் சொல்லும் பட்டை மட்டும் முகப்பிலேயே பளிச்சென்று வருகிறது! சரி, மீண்டும் இணைப்போம் என்றால் முதன்மை போன் கையில் வேண்டும், அது சர்வீஸ் சென்டரில் கிடக்கிறது. சிம்மை வேறு போனில் போட்டு வாட்ஸ்அப்பைப் பதிவு செய்திருக்கலாம்தான். ஆனால் கடைசி பேக்கப்புக்குப் பிறகு நடந்த பேச்செல்லாம் அங்கே வராது. உதவிக்கு எழுதினேன், செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். நீக்கினால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் மற்ற கணக்குகளையும் மறுபடி இணைக்க வேண்டும். யாருக்கு வேலை இல்லை?

தனித்தனிச் செயலியாக இருந்தால், லாக்அவுட் ஆனதைத் திறந்த உடனே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். இங்கே ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவற்றின் சத்தத்தில் தெரிவதே இல்லை. யாரும் செய்தி அனுப்பவில்லை என்பதும், அனுப்பியது வந்து சேரவில்லை என்பதும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு, ஒரே செய்திக்கு இரண்டு முறை மணி அடிக்காமல் இருக்க மூலச் செயலிகளின் நோட்டிஃபிகேஷனை அணைத்து வைக்கச் சொல்லித் தொடக்கத்திலேயே அறிவுரை வருகிறது. கேட்டு நடந்தால் மிச்சமிருந்த ஒரே காவலும் போச்சு.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. கூகுளின் பழைய அரட்டைச் சேவையான டாக்கும் பேஸ்புக் அரட்டையும் எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறைக்கு இடம் கொடுத்திருந்த காலத்தில் பிட்ஜின் போன்ற, பல அரட்டைகளை ஒன்றாகக் காட்டும் மென்பொருள்கள் முன்வாசல் வழியாகவே போய் வந்தன. இப்போது பெரும்பாலும் அந்த வாசல் கிடையாது, இப்படிப் பல செயலிகளுக்கு நடுவே பாலம் போடுகிறவர்கள் மற்றவர்களின் தயவில்தான் பிழைக்க வேண்டும். பீப்பர் மினி என்ற செயலி 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கு ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜைக் கொண்டுவந்தது, சில நாளிலேயே ஆப்பிள் அந்த வழியை அடைத்துவிட்டது. இந்தப் பாலம், செயலியை நடத்தும் நிறுவனத்தின் சர்வரில் ஓடினால், செய்தியின் பூட்டை அங்கே ஒருமுறை திறந்துதான் மறுபடி பூட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கவலை வேண்டாம் என்று போனுக்குள்ளேயே ஓடவிட்டால், ஐபோன் பின்னணியில் ரொம்ப நேரம் ஓட விடாது, ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு அதைத் தூங்க வைத்துவிடும். ஆகவே இணைப்பு அறுவதை நான் மன்னித்துவிடுவேன். அறுந்ததைச் சொல்லாமல் இருப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

போன் திரும்பி வந்துவிட்டது, எல்லாம் பழையபடி ஓடுகிறது. ஆனால் காலையில் எழுந்ததும் சொந்த எண்ணிலிருந்து வேலை எண்ணுக்கு ஒரு புள்ளி அனுப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. புள்ளி பட்டியலில் வந்தால் பாலம் உயிரோடு இருக்கிறது. காசு வாங்குகிற செயலி செய்ய வேண்டிய வேலையை, காசு கொடுக்கிற நான் செய்துகொண்டிருக்கிறேன்.

போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் மட்டும் ஏன் வைத்திருக்கிறேன் என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு நல்ல பதில் வரவில்லை, தேடல் நன்றாக இருக்கிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போட்டே தீருவேன் என்றால் ஒன்று செய்யுங்கள்: பிழைப்புக்கு வேண்டிய எண் எதுவோ, அதன் மூலச் செயலியில் நோட்டிஃபிகேஷனை அணைக்காதீர்கள், இரண்டு முறை மணி அடித்தாலும் அடிக்கட்டும். ஸ்டோரில் இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அந்தச் சாம்பல் எழுத்தைச் சிவப்பாக்கி முகப்புக்குக் கொண்டுவந்தால் அன்றைக்கே ஐந்தாக்கிவிடுவேன்.