ஆம்ப் வைக்கப் போகிறீர்களா? ஸ்டீரியோவின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

என் பழைய ஸ்விஃப்டில் இப்போது இருப்பது இரண்டாவது ஸ்டீரியோ. முதலாவது 9 இன்ச் ஆண்ட்ராய்டு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்கிரீனைப் பார்த்து மயங்கி வாங்கியது. கூடவே 4 சேனல் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), முன் கதவுகளுக்கு காம்பொனென்ட் ஸ்பீக்கர் (கீச்சு ஒலிக்கு ட்வீட்டர் தனி, மீதிக்கு வூஃபர் தனி), டிக்கியில் அடி ஒலிக்கு 10 இன்ச் சப்வூஃபர். ஆம்ப்பில் இரண்டு சேனல் கதவுகளுக்கு. மீதி இரண்டை ஒன்றாக இணைத்து, அதாவது பிரிட்ஜ் செய்து, சப்வூஃபருக்கு.

வீடு வருவதற்குள் தலைவலி. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரும் 'ஙொய்ய்' என்று ஏறியது. இன்ஜினோடு சுற்றி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் சத்தம். ஆம்ப்பின் எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து மறுபடி முடுக்கினேன். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. ஒயரை பேட்டரி ஒயர் போகும் பக்கத்திலிருந்து எடுத்து எதிர்ப்பக்கம் ஓட்டினேன். அந்த 'ஙொய்' போயிற்று.

ஆனால் பாட்டை நிறுத்தினால் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் போகவில்லை. 1 கிலோஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, வால்யூமை முக்கால்வாசி வைத்து, ஸ்டீரியோவின் பிரீ-அவுட்டில் (ஆம்ப்புக்கு சிக்னல் போகும், முதுகிலுள்ள சாக்கெட்) மல்டிமீட்டரை வைத்தேன். 1.2 வோல்ட். அப்போதுதான் புரிந்தது. ஸ்டீரியோ தருவது பலவீனமாக இருந்தால் ஆம்ப்பில் கெயினை, அதாவது வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற திருகை, ஏற்றத்தான் வேண்டும். கெயின் ஏறினால் பாட்டோடு இரைச்சலும் ஏறும். கெயின் என்பது வால்யூம் திருகு இல்லை என்று எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஏறுவதில்லை, எனக்கே அன்றுதான் ஏறியது.

ஸ்டீரியோவின் அட்டைப்பெட்டியில் '50 வாட் x 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்குமே, அதையும் மறந்துவிடுங்கள். வண்டி ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலில் சுத்தமாகத் தள்ள முடிவது கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது. ஆம்ப் வைத்தால் ஸ்பீக்கரை ஓட்டுவது ஆம்ப்தான், அந்த வாட்டுக்கு வேலையே இல்லை.

அப்புறம் செகண்ட் ஹேண்டில் ஒரு பயனியர் டிஇஎச்-80பிஆர்எஸ் பிடித்தேன். ஒற்றை டின் (உயரம் குறைந்த, ஒரு தட்டு அளவு), சின்ன டிஸ்பிளே. ஆனால் முதுகில் மூன்று ஜோடி பிரீ-அவுட், 5 வோல்ட் ரகம். மூன்று வருடமாக இதுதான். என் ஆம்ப் சேனலுக்கு 75 வாட். அதை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 17.3 வோல்ட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதே டோனில், ஆம்ப் வெளியீட்டில் 17 வோல்ட் வரும்வரை மட்டும் கெயினைத் திருகினேன். திருகு கால்வாசி தாண்டுவதற்குள் வந்துவிட்டது. இரைச்சல்? காதை ட்வீட்டரில் ஒட்டினால்தான்.

என்னை உண்மையில் கட்டிப்போட்டது டைம் அலைன்மென்ட், அதாவது எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி கிட்டே இருப்பதைத் தாமதப்படுத்தும் வசதி. நம் ஊரில் ஓட்டுநருக்கு வலது கதவு பக்கம், இடது கதவு தூரம். என் சீட்டிலிருந்து அளந்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட 50 செ.மீ. வலது ஸ்பீக்கரை ஒன்றரை மில்லிசெகண்ட் தாமதப்படுத்தியதும், அதுவரை முழங்கால் பக்கம் பாடிக்கொண்டிருந்தவர் எழுந்து டாஷ்போர்டின் நடுவில் வந்து உட்கார்ந்தார். கதவுகளுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அதைச் சப்வூஃபருக்குத் தள்ளினேன். மிருதங்கத்தின் தொப்பி இப்போது டிக்கியில் கேட்பதில்லை, பாடகருக்குப் பக்கத்திலேயே கேட்கிறது. இதற்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. வீட்டில் திட்டு தனி.

சரி, இழந்தது என்ன? பெரிய ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா இரண்டும் போயின. பென் டிரைவில் ஆயிரம் பாட்டு இருந்தால் அந்தக் குட்டி டிஸ்பிளேயில் தேடி எடுக்கப் பொறுமை வேண்டும். ஓட்டிக்கொண்டே தேடவே கூடாது. ஸ்கிரீன் இல்லாமல் முடியாது என்பவர்கள் ஸ்கிரீனுள்ள மாடலே வாங்கலாம், ஆனால் மேனுவலில் பிரீ-அவுட் 4 வோல்ட்டாவது போட்டிருக்கிறதா, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாகத் தாமதம் வைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். வோல்ட்டைப் பற்றியே பேச்சில்லாத மேனுவல் என்றால் நான் கடையை விட்டு இறங்கிவிடுவேன்.

மேப்புக்கு மட்டும் போனை ஏசி வென்ட்டில் மாட்டிக்கொள்கிறேன். அந்த ஹோல்டரின் கிளிப் போன மாதம் திண்டிவனம் டோல் தாண்டியதும் உடைந்தது. இப்போதைக்கு ரப்பர் பேண்டில் ஓடுகிறது.