இன்சுலின் பம்பும் திருகோணமலை வெயிலும்: குழாய் கழலாமல் அணிந்த அனுபவம்

எனக்கு முதலாம் வகைச் சலரோகம். திருகோணமலையில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். நாள் முழுவதும் சிறிதுசிறிதாக இன்சுலினைக் குழாய் வழியே தோலுக்குள் செலுத்தும் சிறு கருவியான இன்சுலின் பம்பைப் பல வருடங்களாக அணிந்து வருகிறேன். எந்த நேரத்துக்கு எவ்வளவு இன்சுலின் என்பதை வைத்தியர் கணக்கிட்டுக் கொடுப்பார். ஆனால் குத்திய இடம் அசையாமலும் குழாய் எதிலும் சிக்காமலும் ஒரு நாளைக் கடத்துவது எப்படி என்பதை அணிபவர்கள்தான் சொல்ல வேண்டும். குளிர் நாட்டுக்காரர் காற்சட்டைப் பையை மனத்தில் வைத்து எழுதிய ஆலோசனைகள், சேலை உடுத்தி, வியர்த்து, பஸ்ஸில் நெரிந்து, கோவிலில் விழுந்து கும்பிடும் நமக்குப் பாதிதான் பொருந்துகின்றன.

பம்பில் இருப்பது விரைவாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. ஊசி போடுபவர்களுக்கு இருப்பதுபோல நீண்ட நேர இன்சுலின் பின்னணியில் இல்லை. தோலுக்குள் இருக்கும் மெல்லிய குழலான கானுலா வெளியே வந்துவிட்டால், சில மணித்தியாலங்களில் சீனி ஏறி, இரத்தத்தில் கீற்றோன் என்ற ஆபத்தான அமிலம் சேரத் தொடங்கிவிடும். குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடும்; பம்ப் அதை உணர்ந்து ஒலி எழுப்பும். கானுலா கழன்று இன்சுலின் துணியில் சொட்டும்போது அழுத்தமே கூடாது. பம்ப் தன் பாட்டுக்கு இயங்கிக்கொண்டே இருக்கும். இது எனக்கு இரவும் பகலும் உள்ள கவலை. அதோடு, கானுலாவும் ஒட்டும் குழாயும் சேர்ந்த செட்டுகள் கனடாவில் இருக்கும் தம்பி அனுப்புபவை. ஒன்று இழுபட்டு வீணானால் பக்கத்துப் பாமசியில் போய் இன்னொன்று வாங்க முடியாது. பல பம்புகளின் குழாய் முனை அந்தந்தப் பம்புக்கே உரியது; மெட்ரோனிக் பம்பின் முனையும் அப்படித்தான். வேறு நிறுவனத்தின் செட்டைக் கொண்டுவந்து பூட்டிவிட முடியாது.

புதிதாகப் பம்ப் போடும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தப் பிளாஸ்டர் நன்றாக ஒட்டும்?" என்றுதான். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. குழாய்க்கு எவ்வளவு தளர்வு விட்டிருக்கிறோம் என்பதே முதலாவது. படகை இறுக்கிக் கட்டினால் அலை வரும்போது கயிறு அறும் என்று நம் ஊர் மீன்பிடிகாரருக்குத் தெரியும். கொஞ்சம் தளர்த்தி விடுவார்கள். நானும் குத்திய இடத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளிக் குழாயை ஒரு சிறு வளையமாகச் சுற்றி, அந்த வளையத்தின் மேல் துணிப் பிளாஸ்டர் ஒட்டுகிறேன். குழாய் எங்காவது மாட்டினால் இழுவை முதலில் அந்தப் பிளாஸ்டரில் விழும். பிளாஸ்டர் உரியும், வளையம் விரியும், கானுலா தன் இடத்தில் இருக்கும். பிளாஸ்டர் சில ரூபாய்தான். இந்த ஒரு பழக்கம் காப்பாற்றிய அளவுக்கு எந்த விலை உயர்ந்த ஒட்டும் என் செட்டுகளைக் காப்பாற்றவில்லை. உருக்கு ஊசி உள்ள செட்டுகளில் இதே ஏற்பாடு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டிருக்கும்: கழற்றிப் பூட்டும் இணைப்பு, ஊசியிலிருந்து தள்ளித் தனி ஒட்டுடன் இருக்கும். அந்த ஊசி மடியாது என்பதும் நல்லது. ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வழக்கமான மென்மையான கானுலா மூன்று நாள் வரை தாங்கும்.

இனி ஒட்டுக்கு வருகிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே காலை பத்து மணிக்கே முதுகு நனைந்துவிடும். அந்த வியர்வையில் ஓரம் உரியத் தொடங்கிய ஒட்டு மாலை வரை நிற்காது. இதற்கான வேலை ஒட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. செட் மாற்றும் நாளில் குளித்த பின் உடம்பில் எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் படக்கூடாது. நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, அது முழுவதும் உலரும் வரை மின்விசிறியின் கீழ் நிற்கிறேன். ஈரத்தில் ஒட்டினால் எந்த ஒட்டும் பிடிக்காது. அதன்பின் ஸ்கின் டாக் என்ற பிசுபிசுப்பான துடைப்பை, கானுலா நுழையும் நடுப்புள்ளியை விட்டுச் சுற்றிவரப் பூசுகிறேன். அது பிசின்போல ஆனதும் செட்டைக் குத்தி, உள்ளங்கையால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கிறேன். உடல் சூட்டில் ஒட்டு நன்றாக இறுகும்.

செட்டின் மேல் ஒளி புகும் படலத்தை முழுதாக மூடி ஒட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாரி காலத்தில் அது எனக்கு நன்றாகவே உழைக்கிறது. வெயில் காலத்தில் அதன் அடியில் வியர்வை தேங்கித் தோல் வெந்தாற்போல் ஆகிவிடுகிறது. ஆகவே வைகாசி முதல் ஆவணி வரை காற்றோட்டமுள்ள துணிப் பிளாஸ்டரை நடுவில் துளையிட்டுச் சட்டம்போல ஓரங்களில் மட்டும் ஒட்டுகிறேன். மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக நறுக்குவது முக்கியம். கூரான மூலைதான் முதலில் துணியில் சிக்கி உரிகிறது. கழற்றும்போது பிய்க்காமல் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிச் சில நிமிடம் விட்டால் தோல் சிவக்காமல் தானாக விட்டுக்கொடுக்கும். பிறகு அந்த எண்ணெய் போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

சேலைதான் எனக்குப் பெரிய பாடம். உள்பாவாடை நாடா வயிற்றைச் சுற்றி இறுகும் கோட்டில் எதையும் குத்தக்கூடாது. நாடா அழுத்தினால் கானுலா மடியும்; குனிந்து நிமிரும்போதெல்லாம் ஒட்டு தேயும். தொப்புளைச் சுற்றி ஐந்து சென்ரிமீற்றரையும் விட்டுவிடச் சொல்வார்கள். மிச்சம் இருக்கும் இடத்தில் நான் பாடசாலை நாட்களுக்கு இடுப்பின் பின்பக்க மேற்பகுதியையும், விடுமுறை நாட்களுக்கு வயிற்றின் பக்கவாட்டையும் மாறிமாறிப் பயன்படுத்துகிறேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலடியில் கட்டி விழுந்து இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. மெலிந்த உடம்புக்காரி ஆகையால் நேராகக் குத்தும் வகையைவிடச் சாய்வாக நுழையும் கானுலா எனக்கு உறுதியாக நிற்கிறது.

பம்பை வைக்க, எங்கள் தெருத் தையற்கார அக்காவிடம் சொல்லி உள்பாவாடையின் வலப்பக்கம் உள்ளே ஒரு பை தைப்பித்திருக்கிறேன். வாயில் மூடியும், குழாய் வெளியேற ஒரு பொத்தான் துளையும் உண்டு. குழாய் முழுவதும் உள்ளேயே ஓடுவதால் கதவுக் கைப்பிடியும் கதிரைக் கையும் அதைத் தீண்டுவதில்லை. 1960களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட முதல் பம்பை முதுகில் பொதிபோலச் சுமக்க வேண்டியிருந்தது. இன்று அது ஒரு பாவாடைப் பைக்குள் அடங்குவதை நினைத்தால் எனக்கு நன்றியுணர்வே மிகுகிறது. குழாயின் நீளத்தையும் இந்தப் பையை வைத்தே தீர்மானித்தேன். 60 சென்ரிமீற்றர் போதும். 110 சென்ரிமீற்றர்க் குழாய் மிஞ்சிச் சுருண்டு கிடக்கும். அதை நிரப்பவே கூடுதல் இன்சுலின் போகும்.

சேலை உடுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கொசுவத்துக்கு ஊக்குக் குத்தும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்பதை விரலால் தடவிப் பாருங்கள். ஊக்கு முனை குழாயைத் துளைத்தால் இன்சுலின் கசியும். பம்ப் வாய் திறக்காது. கசிவை எனக்குக் காட்டிக்கொடுப்பது மூக்குதான். இன்சுலினைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் பீனோல், மெற்றாகிரசோல் போன்ற பொருட்களால் அதற்கு ஓர் ஆஸ்பத்திரி வாடை உண்டு. இடுப்புப் பக்கம் அந்த வாடை வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு ஓய்வறைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

பஸ்ஸில் தோள்பையைக் குத்திய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மாட்டுகிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். "ரீச்சர், தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்ட சின்னவர்களுக்குப் பம்பை எடுத்துக் காட்டியிருக்கிறேன். அதன் பிறகு ஓடிவந்து இடுப்பைக் கட்டிப்பிடிப்பவர்கள்கூட இடப்பக்கம்தான் வருகிறார்கள்.

பத்திரகாளி அம்மன் கோவிலில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கும் நேர்த்தி எனக்கு உண்டு. வயிறு தரையில் அழுந்துமென்பதால் அதற்கு முந்திய நாளே செட்டைப் பின்னிடுப்புக்கு மாற்றிவிடுகிறேன். அதே நாள் காலையில் மாற்றுவதில்லை. புதிய இடம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிய இரண்டு மூன்று மணித்தியாலமாவது வேண்டும். இரவு படுக்கப்போகும் முன் செட் மாற்றாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடலில் இறங்கும்போது பம்பைக் கழற்றி, இணைப்பில் மூடியைப் பூட்டிவிடுகிறேன். மணல் புகுந்தால் திரும்பப் பூட்டுவது சிரமம். கழற்றிய பம்ப் வெயிலில் கிடக்கக்கூடாது. 37 பாகைக்கு மேல் சூடேறிய இன்சுலினை நம்ப முடியாது என்பதால் ஈரத் துணி சுற்றிய பையில் நிழலில் வைக்கிறேன். ஒரு மணித்தியாலத்துக்குள் கரையேறிவிடுவேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வேறு ஒரு கவனம் வேண்டும். சூடான நீர் பட்டால் தோலடியில் ஏற்கெனவே உள்ள இன்சுலின் விரைவாக இரத்தத்தில் கலந்து சீனி இறங்கலாம். குளித்த பின் ஒருமுறை அளந்து பார்த்தே பஸ் ஏறுகிறேன்.

இரவில் பம்பைப் படுக்கையில் தனியே விடுவதைவிட மென்மையான இலாஸ்ரிக் பட்டியில் வைப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. நித்திரைக் கலக்கத்தில் எழும்பி நுளம்பு வலையைத் தூக்கும்போது பம்பும் என்னோடு வருகிறது.

எவ்வளவு பார்த்தாலும் சில வேளை கழலத்தான் செய்யும். காரணமில்லாமல் சீனி 250 mg/dL அளவைத் தாண்டினால், பம்பின் திரை என்ன சொன்னாலும், முதலில் குத்திய இடத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். கீற்றோனைச் சோதித்து, வைத்தியர் எழுதித் தந்த அளவை இன்சுலின் பேனாவால் போட்டு, பிறகு செட்டை மாற்றுகிறேன். கழன்ற செட்டின் வழியே மேலும் இன்சுலின் அனுப்பிப் பார்ப்பதில் பயனில்லை. ஆகவே ஒரு செட், பேனா, ஊசி முனைகள், கீற்றோன் பட்டிகள், துணிப் பிளாஸ்டர், ஸ்பிரிட் பஞ்சு எல்லாம் எப்போதும் என் தோள்பையில் இருக்கும். கொழும்புக் கிளினிக்குக்கு இரவு ரயிலில் போகும்போது பெட்டியை மேல்தட்டில் வைத்தாலும் அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். மாற்ற வேண்டி வந்தால் ரயில் பெரிய நிலையம் ஒன்றில் நிற்கும் வரை காத்திருந்து, ஆட்டம் நின்ற பிறகே குத்துகிறேன்.