பழைய வேனில் பவர் விண்டோ மெதுவாக ஏறுதா? ஸ்ப்ரே, சுவிட்ச், ரிலே, மோட்டார்: எதற்குச் செலவு செய்யலாம்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய இன்னோவா, தவேரா, சைலோ மாதிரி வண்டிகளில் டிரைவர் பக்கக் கண்ணாடி முக்கி முனகி ஏறும். பாதியில் நிற்கும், கையால் தூக்கிவிட்டால் மீதி ஏறும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "மோட்டார் வீக், மாத்திடலாம்" என்பார்கள். மோட்டார் மாற்றினால் கொஞ்ச நாளைக்கு வேகமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும் பீடிங்கும் (கண்ணாடியின் ஓரம் ஓடும் ரப்பர் பள்ளம்) கருகிப்போன சுவிட்ச் பாயின்ட்டும் (சுவிட்சுக்குள் கரன்ட்டை இணைக்கும் உலோக முனை) அப்படியே இருந்தால், புது மோட்டாரும் அதே சுமையை இழுத்து அதே சூட்டில் வேகும். மோட்டாரை விலைக்கு வாங்குவது இந்தப் பட்டியலில் கடைசி வழியாக இருக்க வேண்டும்.

மொத்தம் நான்கு வழிகள்: கண்ணாடி ஓடும் பாதையைச் சுத்தம் செய்வது, சுவிட்சையும் எர்த்தையும் (கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) சரிசெய்வது, ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) போட்டு மோட்டாருக்கு நேரடி கரன்ட் கொடுப்பது, மோட்டாரை (அல்லது கண்ணாடியைத் தூக்கி இறக்கும் முழு விண்டோ மெஷினை) சர்வீஸ் செய்வது அல்லது மாற்றுவது. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை இரண்டு சோதனைகளில் தெரிந்துகொள்ளலாம்.

காசு செலவழிப்பதற்கு முன்

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியை அடியிலிருந்து உச்சி வரை ஏற்றி நேரம் பாருங்கள். 4 முதல் 6 நொடி என்றால் ஆரோக்கியம். 10 நொடியைத் தாண்டினால் எங்கோ கோளாறு.

முதல் சோதனை: டோர் பேடை (கதவின் உள்பக்க அட்டை) கழற்றி, மோட்டார் கப்ளரை (வயர் சேரும் பிளக்) பிடுங்குங்கள். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் 20 ஆம்ப் ஃபியூஸ் கோத்து, மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நேரடியாகக் கொடுங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் ஓடும். கண்ணாடி உச்சியைத் தொடுவதற்கு முன் வயரை எடுத்துவிட வேண்டும். இப்போது சரசரவென்று ஏறினால் மோட்டாரும் மெஷினும் நன்றாக இருக்கின்றன, கரன்ட் வரும் பாதையில்தான் பழுது. அப்போதும் முனகினால் பழுது கதவுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டே வயர் உள்ள மோட்டாருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. நான்கு, ஆறு வயர் வந்தால் உள்ளே சென்சாரோ எலக்ட்ரானிக்ஸோ இருக்கும், நேரடிக் கரன்ட் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது சோதனை, முதல் சோதனையில் தேறாத கதவுக்கு. கண்ணாடியை மெஷினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, கண்ணாடியைக் கையால் உச்சிக்குத் தூக்கி, கதவு ஃபிரேமின் மேல் விளிம்போடு சேர்த்து நல்ல அகல டேப்பை இரண்டு மூன்று இடத்தில் ஒட்டிவிடுங்கள். மெஷினை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மெஷின் விருட்டென்று ஓடி, கண்ணாடி கையால் நகர்த்தும்போது இறுக்கமாக இருந்தால் பீடிங்தான் காரணம். வெறும் மெஷினே திணறினால் மோட்டாரோ மெஷினோ.

பீடிங் சுத்தம்: எல்லாக் கதவுக்கும், முதல் வேலையாக

கண்ணாடியின் இரு ஓரமும் ஓடும் ரப்பர் பள்ளத்தில் வருடக்கணக்கான மண், சன் ஃபிலிம் கோந்து, காய்ந்துபோன ரப்பர் தூள் எல்லாம் சேர்ந்து பசையாகக் கிடக்கும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்ட பிறகு ஃபிலிமை உரித்த வண்டிகளில், கண்ணாடியின் ஓரத்தில் கோந்து மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்க்கலாம். வெளியே தெரியாது, பீடிங்குக்குள் போகும் அந்த ஒரு விரல் அகலத்தில்தான் இருக்கும். பிளேடால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போய்விடும்.

பள்ளத்தைச் சுத்தம் செய்ய, பிளாஸ்டிக் ஸ்கேலில் துணியைச் சுற்றி சோப்புத் தண்ணீரில் நனைத்து மேலும் கீழும் ஓட்ட வேண்டும். துணி வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு சிலிகான் ஸ்ப்ரே. நீளக் குழாய் வைத்து இரண்டு பக்கப் பள்ளத்திலும் அடித்து, கண்ணாடியைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

டீசல், என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே, கிரீஸ் எதுவும் இங்கே வேண்டாம். இந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிக்கொள்ளும். முதல் வாரம் கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும், பிறகு ரப்பர் தடித்து முன்னைவிட இறுக்கிப் பிடிக்கும். கிரீஸ் மண்ணை ஒட்டவைக்கும்.

அரை மணி நேர வேலை, ஒரு ஸ்ப்ரே டப்பா நான்கு கதவுக்கும் தாராளமாகப் போதும். குறை ஒன்றுதான்: ரப்பர் ஏற்கெனவே கிழிந்து உள்ளே மடங்கியிருந்தால் ஸ்ப்ரே ஒன்றும் செய்யாது. அப்போது புது பீடிங் வாங்குங்கள். மீட்டர் கணக்கில் விற்கும் பொது பீடிங்கைவிட, அந்த மாடலுக்கே அச்சில் வார்த்தது மேல். பள்ளத்தின் அகலம் ஒரு மி.மீ. குறைந்தாலும் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும்.

சுவிட்சும் எர்த்தும்: கண்ணுக்குத் தெரியாத திருட்டு

கண்ணாடி ஏறும்போது மோட்டார் சுமார் 8 முதல் 12 ஆம்ப் இழுக்கும், பீடிங் இறுகியிருந்தால் இன்னும் கூடும். பழைய வண்டிகளில் அந்தக் கரன்ட் முழுவதும் சின்னஞ்சிறு சுவிட்ச் பாயின்ட் வழியாகத்தான் போகிறது. தினமும் பொறி பறந்து பறந்து பாயின்ட் கருகும். கருகினால் ரெசிஸ்டன்ஸ் கூடும். பேட்டரியில் 14 வோல்ட் இருந்து மோட்டார் முனையில் 10.5 வோல்ட் மட்டும் வந்தால், வழியில் 3.5 வோல்ட் காணாமல் போகிறது. 10 ஆம்ப் போகும்போது அது 35 வாட் சூடு. அந்தச் சூட்டில் பெரும்பங்கு சுவிட்சுக்குள் இறங்கினால் பிளாஸ்டிக் மஞ்சளாகி இளகும்.

மல்டிமீட்டர் இருந்தால் எங்கே போகிறது என்று துல்லியமாகப் பிடிக்கலாம். கப்ளர் மாட்டியபடியே, பின்பக்கத்திலிருந்து ஊசி நுழைத்து மோட்டாரின் பாசிட்டிவ் முனையைத் தொடுங்கள், மறு முனையை பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். கண்ணாடி ஏறும்போது காட்டும் எண்தான் பாசிட்டிவ் பாதையின் இழப்பு. அதேபோல மோட்டாரின் நெகட்டிவ் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் வேலை இருக்கிறது. கண்ணாடி ஓடாமல் சும்மா வோல்ட்டேஜ் பார்ப்பது வீண். கரன்ட் போகாதபோது கருகிய பாயின்ட்டும் 14 வோல்ட் காட்டும்.

நெகட்டிவ் பக்கம் இழப்பு அதிகம் என்றால் சந்தோஷப்படுங்கள். டிரைவர் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில், கார்ப்பெட்டுக்குப் பின்னால் இருக்கும் எர்த் போல்ட் துருவேறியிருக்கும். கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல்வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினால் முடிந்தது. அங்கே சுத்தமாக இருந்தால் சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் திரும்பும் கரன்ட்டும் அதன் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. இன்னொரு இடம், கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய். கதவு திறந்து மூடி உள்ளே வயரின் இழைகள் பாதி அறுந்து நான்கைந்து இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே இன்சுலேஷன் நன்றாக இருப்பதால் கண்டுபிடிக்க முடியாது, வயரை இழுத்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி நீளும்.

பக்கத்து சீட் கண்ணாடி அதன் சொந்த சுவிட்சில் சுமாராகவும் டிரைவர் சுவிட்சில் இன்னும் மெதுவாகவும் போனால், டிரைவர் பக்கத்து மாஸ்டர் சுவிட்ச்தான் முதல் சந்தேகம். அந்தக் கதவுகளுக்குக் கரன்ட் இரண்டு சுவிட்சுகளைத் தாண்டித்தான் போகிறது.

சுவிட்சைத் திறந்து சுத்தம் செய்வதா, புதிது வாங்குவதா? செம்புப் பாயின்ட்டில் வெள்ளி முலாம் மிஞ்சியிருந்தால் சுத்தம் செய்யலாம். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் திறங்கள், உள்ளே குட்டி ஸ்பிரிங்கும் குண்டும் தெறிக்கும். 1000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரை மடித்து லேசாகத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். அரம் வைக்காதீர்கள், முலாம் போய்விட்டால் சில மாதத்தில் மறுபடி கருகும். பாயின்ட் பள்ளமாகி, பிளாஸ்டிக் இளகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை.

ரிலே: பழைய வண்டிக்கு நிரந்தரத் தீர்வு, ஒரு நிபந்தனையோடு

செவர்லே 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திய பிறகு, தவேரா போன்ற வண்டிக்கு நல்ல மாஸ்டர் சுவிட்ச் தேடுவதைவிட ரிலே போடுவது புத்திசாலித்தனம். சுவிட்சில் 10 ஆம்ப் போன இடத்தில் இனி 0.2 ஆம்ப் அளவுதான் போகும். சுத்தம் செய்த பழைய சுவிட்சே இன்னும் பல வருடம் வரும்.

ஒரு கண்ணாடிக்கு ஐந்து முனை ரிலே இரண்டு வேண்டும். மேலே 40/30 ஆம்ப் என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். திரும்பும் கரன்ட் 87ஏ முனை (இந்த எண்கள் ரிலேயின் முனைகளைக் குறிப்பவை) வழியாகப் போவதால் இரண்டாவது எண்ணும் முக்கியம். இரண்டு ரிலேயிலும் 87-க்கு பேட்டரி பாசிட்டிவ், 87ஏ-க்கு எர்த், 85-க்கு எர்த். முன்பு மோட்டாருக்குப் போன இரண்டு வயர்களில் ஒன்று முதல் ரிலேயின் 86-க்கு, மற்றது இரண்டாவது ரிலேயின் 86-க்கு. இரண்டு 30-களிலிருந்தும் மோட்டாருக்கு. ஒவ்வொரு ரிலேயின் காயிலிலும் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) 86-க்கும் 85-க்கும் குறுக்கே 1என்4007 டையோடு, வெள்ளைக் கோடு 86 பக்கம். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 25 ஆம்ப் ஃபியூஸ். இரண்டு கண்ணாடிக்கும் ஒரே வயர் என்றால் 4 சதுர மி.மீ. சாவி போட்டால்தான் சுவிட்சுக்குக் கரன்ட் வரும் என்பதால், நேரடி பேட்டரி கொடுத்தாலும் சாவி இல்லாமல் கண்ணாடி ஓடாது.

ரிலேயைக் கதவுக்குள் வைப்பவர்கள் உண்டு. மழைத் தண்ணீர் இறங்கும் இடம் அது. டேஷுக்குக் கீழே பக்கவாட்டில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, கதவு ரப்பர் குழாய் வழியாகப் புது வயர் இழுங்கள். அறுந்த பழைய வயரையே மறுபடி பயன்படுத்தினால் ரிலே போட்டும் பாதிப் பலன்தான்.

நிபந்தனை இதுதான்: சுவிட்சில் ஆட்டோ என்று எழுதியிருந்தாலோ, கை மாட்டினால் கண்ணாடி தானாக இறங்கும் வசதி இருந்தாலோ அந்தக் கதவுக்கு ரிலே வேண்டாம். பல வண்டிகளில் மோட்டார் இழுக்கும் கரன்ட்டை வைத்துத்தான் எங்கே நிறுத்துவது என்று எலக்ட்ரானிக்ஸ் முடிவு செய்கிறது. ரிலே நடுவில் வந்தால் அதற்கு எதுவும் தெரியாது. குழந்தைகள் ஏறும் வண்டியில் அந்தப் பாதுகாப்பைக் கெடுக்கவே கூடாது.

மோட்டார்: சர்வீஸா, புதிதா, பழசா

கழற்றுவதற்கு முன் மெஷின் வகையைப் பாருங்கள். இரண்டு இரும்புக் கைகள் குறுக்கே போனால் கத்திரி வகை. மெல்லிய கம்பிக் கயிறு சக்கரத்தில் சுற்றினால் கேபிள் வகை. கத்திரி வகையில் பல மெஷின்களுக்குச் சுருள் ஸ்பிரிங் உண்டு. மோட்டாரை எடுத்த நொடியில் அந்தக் கை விசையோடு வீசும், விரலை உடைக்கும். பல்சக்கரத் தகட்டையும் பின்தகட்டையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு போல்ட் போட்டோ, பலமான கிளாம்ப் பிடித்தோ பூட்டிய பிறகுதான் மோட்டார் ஸ்குரூவைத் தொட வேண்டும்.

கத்திரி வகைக்கு மோட்டார் மட்டும் மாற்றினால் போதும், சர்வீஸும் நன்றாக வரும். ஆர்மேச்சரின் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) செம்புப் பட்டைகளை நுண்ணிய பேப்பரில் துடைத்து, பட்டைகளின் இடைவெளியைக் குச்சியால் சுரண்டுங்கள். பட்டைகளை உரசும் கார்பன் பிரஷ் கால்வாசிதான் மிஞ்சியிருந்தால் மாற்றுங்கள். கல்லாகிப்போன பழைய கிரீஸை எடுத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸைப் பல் இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வையுங்கள், கார்பன் பக்கம் போகக் கூடாது. உறையைச் சுத்தியலால் தட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் உடையும், அத்தோடு மோட்டார் காலி.

கேபிள் வகையில் கயிறு பிரிந்திருந்தால் முழு மெஷினும் மாற்றுவதுதான் சரி. வேறு கேபிளை வெட்டிக் கோத்துக் கொடுப்பது நிலைப்பதில்லை, இழுவிசை சரியாக அமையாமல் சக்கரத்திலிருந்து வழுக்கும்.

சென்னையில் புது மோட்டாருக்கு ஜி.பி. ரோடு, பழசுக்கு புதுப்பேட்டை. கம்பெனி மோட்டார் விலை கூடுதல்தான், ஆனால் டிரைவர் கதவு தினமும் டோல்கேட்டிலும் பார்க்கிங்கிலும் ஏறி இறங்கும் கதவு என்பதால் அங்கே அதுவே லாபம். பின்கதவுக்கு நல்ல பழைய மோட்டார் போதும். வாங்கும் இடத்திலேயே 12 வோல்ட் கொடுத்து இரண்டு திசையிலும் ஓட்டச் சொல்லுங்கள். பல்லின் எண்ணிக்கை, இடது வலது இரண்டையும் உங்கள் பழசோடு வைத்துப் பாருங்கள். உறையின் அடியில் துருக்கோடு தெரிந்தால் தண்ணீர் புகுந்த மோட்டார், வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் டோர் பேடை மாட்டுவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. கதவின் அடி விளிம்பிலுள்ள தண்ணீர்த் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். உரித்த பாலிதீன் ஷீட்டைப் புதுக் கறுப்புப் பசை வைத்து, கீழ் ஓரம் கதவின் உள்பக்கம் போகும்படி ஒட்டுங்கள். மெக்கானிக்குகள் பலர் கிழித்து எறிந்துவிடும் அந்த ஷீட் இல்லாவிட்டால், கண்ணாடியில் வழியும் மழைத் தண்ணீர் டோர் பேடின் அட்டையிலும் பின்பக்கக் கப்ளர்களிலும் தெறித்து இறங்கும்.