அப்பாவின் பிரஷர் மெஷின்: நான்கு வருடப் பயன்பாடு

2021 மாசியில் அப்பாவுக்காக மேற்கையில் கட்டும் டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கினேன். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை என்று நான்கு வருடம் தாண்டிவிட்டது. மூன்று சிஆர் கொப்பிகள் நிரம்பிவிட்டன. வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் ஒரு மாதம் கண்டபடி உயர்ந்த எண்கள் வந்தன. வயலில் உழைத்த கை, சுற்றளவு பெரிது. கடையில் தந்ததோ சிறிய கைப்பட்டி. பட்டி சிறிதானால் இருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டும். கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) பார்த்தவுடன் சொல்லிவிட்டார். பெரிய பட்டி மாற்றிய பிறகு கிளினிக் அளவுக்கும் வீட்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வாங்கும்போது நாடா வைத்துக் கையை அளந்துகொண்டு போங்கள்.

அடுத்தது எனக்குப் பெரிய பாடம். காலையில் எழும்பின கையோடு எடுத்தால் 148/86. சிறுநீர் கழித்து, கதிரையில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து எடுத்தால் 136/82. மெஷின் பழுதென்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் நிரம்பிய சிறுநீர்ப்பை, உடலை உஷாராக்கும் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது. அவை குருதிக்குழாய்களை இறுக்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. பேசினாலும் ஏறும், கை தொங்கினாலும் ஏறும். இதயத்தை அளக்கிறோம் என்று நினைத்துத்தான் பட்டியைக் கட்டினேன். சிறுநீர்ப்பையும் நரம்பும் அதே எண்ணுக்குள் வந்து நிற்கின்றன. அன்றிலிருந்து எண்ணுக்குப் பக்கத்தில் அந்த நேரத்து நிலைமையையும் ஒரு சொல்லில் எழுதத் தொடங்கினேன்: 'நித்திரை குறைவு', 'கருவாடு', 'வயல்'.

அந்த 'வயல்' என்ற சொல்தான் 2023 இல் எங்களைக் காப்பாற்றியது. எங்கள் வீடு மட்டக்களப்பு புதூரில். அப்பா வலையிறவுப் பாலத்தால் சைக்கிள் மிதித்து வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை வயலுக்குப் போவார். சிறுபோக நேரம், கச்சான் என்ற வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் வேர்வை தோலில் தெரியாமலே காய்ந்துவிடும். ஒருநாள் மத்தியானம் வந்து இருந்தவர் எழும்பும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டார். "மனே, தலை சுத்துது" என்றார். இருக்க வைத்து எடுத்தேன்: மேல் எண் 126, நாடித்துடிப்பு 74. எழும்பி நின்று ஒரு நிமிடத்தில்: 98, துடிப்பு 96.

எழும்பி நிற்கும்போது அரை லீற்றருக்கும் மேற்பட்ட இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்து நாடியிலும் பெருநாடி வளைவிலும் இருக்கும் நரம்பு முனைகள் அதை உடனே உணர்ந்து மூளைத்தண்டிலுள்ள நீள்வளைய மையவிழையத்துக்குச் சொல்கின்றன. அது இதயத்தை வேகப்படுத்தி, குழாய்களைச் சுருக்கச் சொல்கிறது. இதெல்லாம் சில நொடிகளில் நடக்கும். ஆறுதலாக நடப்பது இன்னொன்று: சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்க, அதன் தொடர் விளைவாக அதன் மேலுள்ள சுரப்பி அல்டோஸ்டெரோன் என்ற ஹோர்மோனை விடுகிறது, உடல் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூளையிலிருந்து தாகமும் வரும். அப்பாவின் உடம்பும் இதைச் செய்யத்தான் பார்த்தது. 74 இலிருந்து 96 க்கு ஏறிய துடிப்பு அதற்குச் சாட்சி. ஆனால் உடம்பிலே போதிய நீர் இல்லை. அவர் எடுத்த குளிசைகளில் ஒன்று உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் வகை. வேர்வையில் ஒரு பக்கம், குளிசையில் இன்னொரு பக்கம்.

எண்ணுக்குப் பக்கத்தில் 'வயல்' என்று எழுதியிருந்த கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினோம். நின்றால் 20 க்கு மேல் இறங்குவது கவனிக்க வேண்டிய விஷயம் என்று டொக்டர் சொல்லி, குளிசையின் அளவைக் குறைத்துத் தந்தார். எண்ணைப் பார்த்து நாங்களாகக் குளிசையை நிறுத்தவில்லை. நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள். மாரியில் எண் மறுபடி ஏற, டொக்டர் திரும்பவும் பார்த்தார்.

உப்பும் இப்படி எண்ணை மாற்றும். சிறுநீரகம் நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு திரவத்தை வடித்து, ஒன்றரை லீற்றர் அளவைத்தான் வெளியே விடுகிறது. அவ்வளவு வேலை செய்கிற உறுப்புக்கு முன்னால் கருவாட்டுக் குழம்பை வைத்தால் அதற்குத் தனிப் பாடு. 'கருவாடு' என்று எழுதிய நாட்களுக்கு அடுத்த காலை எண் பெரும்பாலும் ஏறியே இருந்தது. அம்மா இப்போது கருவாட்டைக் கூடுதல் நேரம் ஊறவைத்துக் கழுவுகிறார்.

மெஷினைப் பற்றி மிச்சம்: நான்கு சிறிய பற்றரி எங்களுக்கு நாலைந்து மாதம் வரும். மூன்றாம் வருடம் குழாய் பொருந்தும் இடத்தில் காற்றுக் கசிந்து பிழைக் குறி வந்தது. புதுப் பட்டி போட்டதும் சரியானது. பட்டி ஊதி நாடியை அடைத்து, காற்று இறங்கும்போது நாடிச்சுவர் அதிர்வதை வைத்துத்தான் இது கணக்கிடுகிறது. அதனால் கையை அசைத்தாலோ இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ நம்ப முடியாத எண் வரலாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவை எடுப்பது அதற்காகவும்தான்.

வருடம் ஒரு தடவை மெஷினைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் ஒத்துப் பார்க்கிறோம். வாங்குவதானால் மணிக்கட்டில் கட்டுவதை விட்டு மேற்கையில் கட்டுவதையே எடுங்கள், பட்டி தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கூடவே ஒரு கொப்பியும் வாங்குங்கள். அப்பா இப்போது தானே எழுதுகிறார். நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் 'வயல், மூன்று போத்தல் தண்ணி' என்று இருக்கிறது.