செம்பனைகளுக்கு நடுவே குறுகிய ஓடுபாதை: மரமா, அலுமினியமா, கார்பனா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெலுக் இந்தான் போன்ற தோட்ட நகரில் சொந்தமாக இலகு விமானம் கட்டுபவர், புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது நம் காற்றைத்தான். தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் பொதுவாகக் கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்ற சீர்நிலையை அடிப்படையாகக் கொண்டவை. இங்கு நண்பகலில் 32 டிகிரி இருக்கும்போது காற்றின் அடர்த்தி ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, தரையில் நிற்கும் விமானமே ஏறத்தாழ 2000 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. அதோடு ஓடுபாதையின் முனையில் முதிர்ந்த செம்பனைகள் நின்றால், பயண வேகத்தைவிட மேலேறும் திறனே முக்கியமாகிறது.

பலரும் பொருத்தும் 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 5800 சுற்றில் ஓடும்போது, 2.43 விகிதப் பற்சக்கரப் பெட்டியின் வழியே புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2390 முறை சுழல்கிறது. அந்தப் பெட்டி தாங்கும் சுழல் நிலைமத்துக்கு, அதாவது சுழற்சி மாற்றத்தைப் புரொப்பெல்லர் எதிர்க்கும் அளவுக்கு, வரம்பு உண்டு என்பதால், கனமான அலுமினியத்தை இங்கு விலக்கிவிடலாம். செம்மண் பாதையில் தெறிக்கும் ஒரு சரளைக்கல் இதழில் போடும் சிறு வெட்டிலிருந்தே களைப்பு விரிசல் (திரும்பத் திரும்ப வரும் அழுத்தத்தால் உலோகத்தில் வளரும் விரிசல்) தொடங்கலாம் என்பதும் அதற்கு எதிரான காரணம்.

மரப் புரொப்பெல்லர் மலிவானது, இலேசானது. அதிர்வை அது உள்வாங்கும் விதம் உண்மையிலேயே அழகு. ஆனால் ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். ஆகவே போல்ட்டுகளின் இறுக்கத்தைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். நிறுத்தி வைக்கும்போது இதழ்கள் கிடைமட்டமாக இருக்க வேண்டும். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழிதழில் சேர்ந்து சமநிலை கெடும். மழைக்குள் பறந்தால் முன்விளிம்பு அரிக்கப்படும். பேராக்கின் மழையில் இவை சிறு வேலைகள் அல்ல. எல்லாவற்றிலும் பெரிய குறை, இதழின் சாய்வு, அதாவது அது காற்றை வெட்டும் கோணம், செதுக்கும்போதே நிலைத்துவிடுவதுதான்: கணிப்பு தவறினால் வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடமே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

தரையில் சாய்வை மாற்றக்கூடிய கார்பன் புரொப்பெல்லருக்கு விலை அதிகம். ஆயினும் நம் வெப்பத்தில் நம் விமானம் எத்தனை சுற்றைத் தொடுகிறது என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் அறிய முடியும். அறிந்தபின், இதழ்களைப் பிடித்திருக்கும் நடுக்குடத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி ஒவ்வோர் இதழையும் கோணமானியால் ஒரே அளவுக்குத் திருப்பிக்கொள்ள இது இடம் தருகிறது. சாய்வு மிகுந்து, முழு விசையிலும் எஞ்சின் 5200 சுற்றுக்குக் கீழே திணறினால் அதற்கே கேடு. சாய்வு மிகக் குறைந்தால், மட்டமாகப் பறக்கும்போது 5800 என்ற உச்ச வரம்பு எளிதில் மீறப்படும். ஏறும்போது இந்த இரண்டுக்கும் இடையில், 5500-ஐ ஒட்டி நிற்கும்படி அமைப்பதே இவ்வூருக்குப் பொருந்தும் என்பது என் தீர்மானம்.

பறக்கும்போதே சாய்வை மாற்றும் வகை மேலேறும் திறன், பயண வேகம் ஆகிய இரண்டு பயன்களையும் தரும். ஆனால் அது கூட்டும் எடையும் பராமரிப்பும் தோட்டத்துக்கு மேலே மாலையில் அரைமணி நேரம் பறப்பவருக்குத் தேவையற்றவை.

வோக்ஸ்வேகன் எஞ்சினில் பற்சக்கரப் பெட்டி இல்லாமல் நேரடியாகப் பொருத்துபவருக்கு மட்டும் என் பரிந்துரை மாறும். அங்கு புரொப்பெல்லரின் பாரத்தையும் அதிர்வையும் எஞ்சினின் வளைதண்டே தாங்குவதால், பராமரிப்பு எவ்வளவு கூடினாலும் மரமே ஏற்றது.